எடைமேடைக்காரனுக்குக் கிடைக்கிற இரண்டு மணி நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் பேப்பரோடு வந்த சுற்றுலா இணைப்பை ஒரு பக்கம் விடாமல் படித்தேன். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, குற்றாலம். எங்கே தங்கலாம், எத்தனை நாள் போதும், குழந்தைகளுக்கு என்ன இருக்கிறது என்று எல்லாம் விவரமாகவே போட்டிருந்தீர்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடைசிப் பக்கம் வரை தேடியும் என்னைப் போன்ற ஆளுக்கு அதில் ஒரு வரி இல்லை. ஊர் பார்க்கிறவன் என்றால் லீவு போட்டுவிட்டு, குடும்பத்தோடு, காரில் வருகிறவன் என்றே எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். வேலைக்காக வந்த ஊரில், வேலைக்கு நடுவே கிடைக்கிற இரண்டு மணி நேரத்தில், தோளில் பையோடு ஊர் பார்க்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது. மருந்துக் கம்பெனி ரெப், பேங்க் ஆடிட்டர், விதை விற்கிறவர், செல்போன் டவர் மெக்கானிக், லோடு இறங்கும் வரை சும்மா நிற்கிற லாரி டிரைவர். அந்தக் கூட்டத்தில் ஒருவனாக இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். வெட்டுவதென்றால் நடுவில் வெட்டுங்கள், கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது.

நான் எடைமேடை பழுது பார்ப்பவன். வே பிரிட்ஜ் என்றால் சட்டென்று புரியும். லாரி ஏறி நிற்கும் மேடைக்கு அடியில், எடையை உணர்கிற லோடு செல் ஆறோ எட்டோ இருக்கும். அதிலிருந்து வருகிற ஒயரை எலி கடிக்கும், குழியில் மழைத் தண்ணீர் இறங்கும், இடி விழுந்தால் மொத்தமும் போகும். போனால் என்னைக் கூப்பிடுவார்கள். 24 வருஷமாக இதுதான் பிழைப்பு. இருப்பது திருச்சி. திரிவது புதுக்கோட்டை, பெரம்பலூர், அரியலூர், சிவகங்கை, சில சமயம் தூத்துக்குடியும் விழுப்புரமும். எடைமேடை எதுவும் ஊருக்கு நடுவில் இருக்காது. கல் குவாரி, அரிசி ஆலை, சர்க்கரை ஆலை, சிமென்ட் ஆலை, பஞ்சுக் கிடங்கு என்று எல்லாம் ஊரைத் தாண்டி, பஸ் நின்று போகிற இடத்தையும் தாண்டித்தான்.

இந்த வேலையில் பாதி நேரம் காத்திருப்பது. லோடு செல் மாற்றினால் மேடையின் நாலு மூலையும் ஒரே எடை காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு 20 கிலோ எடைக்கற்கள் ஒரு வண்டி வந்து சேர வேண்டும். வருஷ முத்திரை என்றால் எடையளவு ஆய்வாளர் வர வேண்டும். பத்து மணிக்கு வருகிறேன் என்றவர் மூன்று மணிக்கு வருவார், பாவம், அவருக்கும் அன்றைக்கு நாலு இடம். கரண்ட் போனால் கரண்ட் வர வேண்டும். ஆரம்பத்தில் இந்த நேரமெல்லாம் குவாரி ஆபீஸ் பெஞ்சில் படுத்துத் தூங்கினேன். முகத்தில் கர்ச்சீப், கர்ச்சீப் மேல் கல்தூசி.

அந்தப் பழக்கத்தைக் கெடுத்தவர் அன்னவாசல் பக்கம் ஒரு குவாரியின் கணக்குப்பிள்ளை. பதினைந்து வருஷம் இருக்கும். எடையைக் காட்டுகிற இன்டிகேட்டர் ஒன்று திருச்சியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தது. "சும்மா ஏண்ணே படுத்துக் கெடக்கீங்க? இந்தா இருக்கு சித்தன்னவாசல். போய்ப் பாத்துட்டு வாங்க" என்று தன் டிவிஎஸ் 50 சாவியைத் தூக்கிப் போட்டார். அதற்கு முன் அந்த வழியாக நாற்பது தடவையாவது போயிருப்பேன். புதுக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டர்தான். ஒரு தடவைகூட இறங்கியதில்லை.

அறிவர் கோயில் என்கிற அந்தக் குடைவரை, வெளியிலிருந்து பார்த்தால் பாறையில் நாலு தூண் வைத்த திண்ணை மாதிரித்தான் தெரியும். உள்ளே போய்த் தலையைத் தூக்கினால்தான் விஷயம். கூரை முழுக்க ஒரு தாமரைக் குளம். மீன், வாத்து, யானை, எருமை, பூப்பறிக்கிற ஆட்கள். பாதிக்கு மேல் மங்கிவிட்டது, ஆனால் மிச்சமிருக்கிற பச்சை இன்னும் பச்சையாகவே இருக்கிறது. எனக்கு எருமைதான் பிடித்தது. ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட எருமை, அதே சோம்பேறி முகம். ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் என்கிற பாண்டிய ராஜா காலத்தில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததாக அங்கேயே கல்வெட்டு இருக்கிறது. உள்ளறையில் காவலாளி என்னை நடுவில் நிற்க வைத்து, வாயை மூடிக்கொண்டு மூக்கால் ஒரு ராகம் இழுக்கச் சொன்னார். எனக்கு ராகம் தெரியாது. லோடு ஏறும்போது மோட்டார் போடுகிற சத்தத்தைப் போட்டேன். அறை முழுக்க அதிர்ந்து, நெஞ்சுக்குள் திரும்பி வந்தது. ரெண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

அப்புறம் ஏழடிப்பட்டம். மலையின் மறுபக்கம், ஏறி இறங்கிப் போக வேண்டும். இயற்கையான குகை, அதில் வழவழவென்று தேய்த்த 17 கல் படுக்கைகள். தலையணைக்கு ஒரு மேடுகூட வைத்திருக்கிறார்கள். அதில் பெரிய படுக்கையின் ஓரத்தில் தமிழ் பிராமி எழுத்து, சுமார் 2,000 வருஷப் பழசு. அங்கே பலகையில் படித்தது பாதி, பிறகு புதுக்கோட்டை நூலகத்தில் தேடிப் படித்தது பாதி: எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த காவுதி என்கிற சமணருக்கு, சிறுபோசில் இளையர் என்பவர் செய்து கொடுத்த இருக்கை இது. எருமி நாடு என்றால் மைசூர்ப் பக்கம் என்கிறார்கள். ஆக, எங்கிருந்தோ நடந்து வந்த வெளியூர்க்காரருக்கு உள்ளூர்க்காரர் ஒருவர் படுக்கப் பாறையைத் தேய்த்துக் கொடுத்திருக்கிறார். வந்தவர் ஊர், கொடுத்தவர் பேர், இரண்டையும் மறக்காமல் வெட்டியிருக்கிறார். நான் தங்குகிற லாட்ஜ்களில் இந்த இரண்டும் ரிஜிஸ்டரில்தான் இருக்கும், பக்கத்தில் ஆதார் நம்பரோடு. வெயில் கொளுத்திய அந்த மத்தியானத்தில் அந்தக் கல் ஜில்லென்று இருந்தது. கையை வைத்துப் பார்த்தேன். படுக்கவில்லை, காவலாளி பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து பெஞ்சில் படுப்பதில்லை. வேலைக்குக் கூப்பிட்டால் முதலில் எந்த ஊர் என்று கேட்பேன், அடுத்து பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்வேன். இப்படியே நார்த்தாமலை விஜயாலய சோழீச்சரம், திருமயம் கோட்டை, மண்டகப்பட்டு எல்லாம் பார்த்தாயிற்று. மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன், செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று கல்லிலேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். மெட்டீரியல் இல்லை என்று வேலையை நிறுத்தி வைக்கிற எங்கள் காண்டிராக்டர்களை ஒரு தடவை அங்கே கூட்டிப் போக வேண்டும்.

சாத்தனூர் கல்மரத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பெரம்பலூர் மாவட்டம், திருச்சி–சென்னை நெடுஞ்சாலையிலிருந்து கிழக்கே திரும்பி உள்ளே போக வேண்டும். ஓடை மாதிரி ஒரு பள்ளம், அதில் ஒரு மரம் படுத்திருக்கிறது. 18 மீட்டர். மரம் என்று தோன்றுகிறது, தட்டினால் கல். 12 கோடி வருஷத்துக்கு முந்தியது, அந்தக் காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் கடல். கரையில் இருந்த மரம் அடித்துக்கொண்டு வரப்பட்டுக் கடல் மண்ணில் புதைந்து, கொஞ்சம் கொஞ்சமாக மரச்சத்து போய்க் கல் சத்து ஏறிவிட்டது. புவியியல் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940-ல் இதைக் கண்டு எழுதினார். நான் போன அன்று அங்கே நானும் நாலு ஆடும்தான். வேலிக்கு வெளியே நின்று அடி வைத்து எண்ணிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. என் தொழிலில் பலகையில் போட்டிருப்பதை அப்படியே நம்பக் கூடாது.

அன்று சாயங்காலம் அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைக்குத் திரும்பினேன். மேடையில் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று ஏறி நின்றது. உதிர்ந்து கிடந்த ஒரு கட்டியை எடுத்துப் பார்த்தால் அதில் சிப்பி, நன்றாக வரி வரியாகத் தெரிந்தது. இத்தனை வருஷமாக அந்த லோடைத்தான் பூஜ்யம், டேர் (காலி வண்டி எடை), நெட் (சரக்கு எடை) என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தச் சுண்ணாம்புக்கல்லே பழைய கடலடிதான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. கட்டியை வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். டிவி மேல் இருக்கிறது. என் மனைவிக்கு அது தூசி துடைக்க இன்னொரு பொருள்.

சரி, இனி கடிதத்தின் காரணத்துக்கு வருகிறேன்.

முதல் சங்கடம் பை. என் பை 11 கிலோ 400 கிராம். இதை நான் தோராயமாகச் சொல்லக் கூடாது. மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், ஸ்பானர் செட், ஜங்ஷன் பாக்ஸ் ஒன்று, மாற்று லோடு செல் ஒன்று, லுங்கி, துண்டு. இதைத் தூக்கிக்கொண்டு முந்நூறு படி ஏற முடியாது. ஒரு இடத்தில் டிக்கெட் கொடுப்பவரிடம் கெஞ்சினேன். "உள்ளே என்ன இருக்குன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது, ஒயர் தொங்குகிற பையை யார் வாங்கி வைப்பார்கள்? கடைசியில் வெளியே வெள்ளரிப்பிஞ்சு விற்ற ஆத்தா, சாக்கைத் தூக்கி, "இதுக்கடியில வச்சிட்டுப் போய்யா" என்றது. இறங்கி வரும்போது என் பை மேல் வெள்ளரிப்பிஞ்சு அடுக்கி வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டுகளில் பொருள் பாதுகாப்பறை என்று ஒன்று இருந்த காலம் உண்டு. எனக்குத் தெரிந்து பல சின்ன ஊர்களில் அது இப்போது செல்போன் கவர் கடை.

இரண்டாவது, பூட்டு. எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் ஏழை ஒருத்தர் வேலைக்கு ஆபத்து. சின்னக் குன்று, மேலே ஒரு குடைவரை, கம்பிக் கதவு, பூட்டு. சுவரில் ஒரு போன் நம்பர் பெயின்ட்டில் எழுதியிருந்தது, அதில் கடைசி இரண்டு எண் உதிர்ந்துவிட்டது. மீதியை நீயே கண்டுபிடி என்கிற மாதிரி. மூன்று நம்பர் போட்டுப் பார்த்தேன். மூன்றாமவர் திட்டினார், நிறுத்திவிட்டேன். ஆடு மேய்த்த பையன்தான், "சாவி வச்சிருக்கிற அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருக்கு" என்று ஏரிக்கரையைக் காட்டினான். அங்கே முப்பது பேரில் அந்த அம்மாவைத் தேடிப் பிடித்தேன். மண்வெட்டியைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு, கையைக் கழுவி, சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, எனக்கு முன்னால் விறுவிறுவென்று குன்று ஏறினார். எனக்கு மூச்சு வாங்கியது. கதவைத் திறந்து, உள்ளே ஒரு விளக்கை ஏற்றி, பத்து நிமிஷம் பேசாமல் நின்றார். காசு நீட்டினேன், வாங்கவில்லை. "நீங்க பேப்பர்காரரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "யாரா இருந்தா என்ன, சாவிக்குக் கொடுக்கிற சம்பளத்தைக் கொஞ்சம் ஏத்தச் சொல்லி எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன்.

நேரமும் ஒத்து வருவதில்லை. இந்த இடங்களில் பெரும்பாலானவை ஒன்பது மணி வாக்கில் திறந்து, ஐந்தரை வாக்கில் மூடுகின்றன. குடும்பமாக வருகிறவர்களுக்கு அது சரி. எங்களுக்குக் கிடைப்பது காலை ஆறிலிருந்து எட்டரை, அல்லது ஐந்துக்கு மேல். கோடையில் ஆறு மணிக்கு நல்ல வெளிச்சம், பாறையும் சுடாது. பன்னிரண்டு மணிக்குச் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டுப் பாறை மேல் நடக்கச் சொல்வதும், ஆறு மணிக்குப் பூட்டி வைப்பதும் எந்தக் கணக்கு? ஒரு இடத்தில் டிக்கெட்டைக் க்யூஆர் கோடு ஸ்கேன் பண்ணித்தான் வாங்க வேண்டும், காசு வாங்க மாட்டார்கள். மலையடிவாரத்தில் சிக்னல் இல்லை. சிக்னலுக்காக மெயின் ரோடு வரை நடந்து, அங்கே டிக்கெட் வாங்கி, திரும்பி வருவதற்குள் எனக்கு குவாரியிலிருந்து போன் வந்துவிட்டது, ஆய்வாளர் வந்துவிட்டார் என்று. அந்த டிக்கெட் இன்னும் என் போனில் இருக்கிறது. இடத்தைத்தான் பார்க்கவில்லை.

இதெல்லாம் ஆம்பிளை ஆளுக்கு. என் மகள் தனியார் பேங்க் ஒன்றில் கிளை ஆய்வு வேலை பார்க்கிறாள். மாதத்தில் பதினைந்து நாள் காரைக்குடி, ராமநாதபுரம், தேவகோட்டை என்று போகிறாள். ஊர் பார்க்கிற கிறுக்கு என்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது. நான் ஏதாவது குகைப் படம் அனுப்பினால், "இங்க டாய்லெட் இருக்காப்பா?" என்றுதான் முதலில் கேட்பாள். எனக்கு அந்தக் கேள்வி 24 வருஷத்தில் ஒரு தடவையும் தோன்றியதில்லை, ஏன் தோன்றவில்லை என்று நான் எழுத வேண்டியதில்லை. அவள் தனக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறாள்: நிற்கிற இடத்திலிருந்து ஒரு டீக்கடையாவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் உள்ளே போக மாட்டாள், எவ்வளவு பெரிய பல்லவன் கட்டியிருந்தாலும் சரி. போன மாசம் ஒரு கோட்டையில் கழிப்பறை இருந்திருக்கிறது, புதிதாகவே கட்டியது, பூட்டியிருந்தது. சாவி எங்கே என்று கேட்டதற்கு, "விசேஷ நாள்லதாம்மா தெறப்போம்" என்று பதில் வந்ததாம். மகளிருக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. நல்ல விஷயம், மகள் அதில்தான் போகிறாள். போய் இறங்கிய இடத்தில் ஒரு கழிப்பறைக் கதவு திறந்திருந்தால் இன்னும் பத்து இடம் பார்ப்பாள்.

பஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. கார் இல்லாதவனுக்கு முக்கியத் தகவல், போகிற பஸ் எப்போது என்பதைவிட, கடைசியாகத் திரும்புகிற பஸ் எப்போது என்பது. அதை எந்த வழிகாட்டிப் புத்தகமும் சொல்வதில்லை. ஒரு ஊருக்கு ஒரு நாளைக்கு நாலு நடை மினி பஸ் வரும், அதில் ஒரு நடை டிரைவருக்கு உடம்பு சரியில்லை என்றால் வராது. கோவில்பட்டியில் ஒரு பஞ்சுக் கிடங்கு வேலைக்குப் போயிருந்தபோது கழுகுமலை போனேன். இருபது கிலோமீட்டர் சொச்சம், பஸ் நிறைய உண்டு, பிரச்சினையே இல்லை. ஆனால் பஸ் ஸ்டாண்டில் ரெண்டு பேரிடம் வெட்டுவான் கோயில் என்று கேட்டேன். இருவரும் முருகன் கோயிலுக்கு வழி சொன்னார்கள். அங்கே போகிறவர்களில் பெரும்பாலோர் முருகனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள் போல. மேலே ஏறினால், மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து இறக்கிய பாண்டியர் கோயில், எட்டாம் நூற்றாண்டு. சிகரம் முடிந்திருக்கிறது, கீழே முடியவில்லை, அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மேலே தட்சிணாமூர்த்தி உட்கார்ந்து மிருதங்கம் வாசிக்கிறார். தட்சிணாமூர்த்தி என்றால் பேசாமல் இருக்கிறவர் என்றுதான் நினைத்திருந்தேன்.

அதற்கு அந்தப் பக்கம் பாறை முழுக்க வரிசை வரிசையாகச் சமண தீர்த்தங்கரர்கள், பலவற்றுக்குக் கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர் பெயர். குரத்தியார் என்று பெண் ஆசிரியர்கள் பெயர்கூட இருக்கிறது. கொல்லர், தச்சர் என்று கைத்தொழில்காரர்களும் ஆளுக்கொரு சிற்பம் செய்வித்திருக்கிறார்கள். எனக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. ஆனாலும் நம்ம ஆள் எங்கே இருப்பான் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். இறங்கி வந்து கடலைமிட்டாய் அரைக் கிலோ வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. ரோப் கார் வேண்டாம், லேசர் ஷோ வேண்டாம், செல்பி எடுக்கிற இதய வளைவு கண்டிப்பாக வேண்டாம். ஒவ்வொரு சின்ன ஊர் பஸ் ஸ்டாண்டிலும், பஸ் நேர அட்டவணைக்குப் பக்கத்தில் ஒரு பலகை. பத்து, பதினைந்து கிலோமீட்டருக்குள் என்ன இருக்கிறது, எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும், கடைசி பஸ் எத்தனை மணி, சாவி யாரிடம், அவர் நம்பர். நம்பர் மட்டும் உதிராத பெயின்ட்டில். ஒரு டீக்கடைக்காரருக்கோ பூக்கடைக்காரருக்கோ பை வைக்க ஒரு அலமாரி கொடுத்து, பைக்கு இருபது ரூபாய் வாங்கிக்கொள் என்று சொன்னால் சந்தோஷமாகச் செய்வார்கள். வெள்ளரிப்பிஞ்சு ஆத்தா அதை இலவசமாகவே செய்தது. சாவிக்கார அம்மாவுக்கு ஒழுங்கான சம்பளம், காலை ஆறுக்குத் திறக்க அதில் கொஞ்சம் கூடுதல். இவ்வளவுதான். செஞ்சிக் கோட்டைக்கு 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டம் கிடைத்தது, சந்தோஷம். இனி செஞ்சிக்கு எல்லாமே கிடைக்கும். செஞ்சிக்குப் போகிற வழியில்தான் மண்டகப்பட்டு இருக்கிறது. அதற்குப் பட்டம் வேண்டாம், பஸ் ஸ்டாண்டில் ஒரு வரி போதும்.

இதில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கும் உண்டு, அதை மறைத்தால் தப்பு. என் சோறு குவாரியில் இருக்கிறது. மலை ஜல்லியாகி, எம்சாண்டாகி, நான் சரி பார்த்துக் கொடுத்த மேடையில் ஏறித்தான் ஊருக்குப் போகிறது. வீடு கட்டக் கல் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. நார்த்தாமலையில் நின்றுகொண்டு பார்த்தால் ஒவ்வொரு குன்றுக்கும் ஒரு பெயர் சொல்வார்கள். மேலமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, பொம்மமலை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கே இந்தப் பக்கத்துக் கல் போனது என்றும் சொல்வார்கள், அப்போது யார் எடை பார்த்தார்களோ. ஆனால் பெயரும் தெரியாத, பலகையும் இல்லாத குன்றுகள் எத்தனையோ. சில வருஷம் முன்னால் அப்படி ஒன்றில் கல் படுக்கைக்குக் கூப்பிடு தூரத்தில் வெடி வைக்கத் துளை போட்டிருந்ததைப் பார்த்தேன். குவாரிக்காரரிடம் கேட்டேன். "அதுவா, ஆடு மேய்க்கிறவன் படுக்கிற எடம்ணே" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அவருக்குச் சொல்ல அங்கே ஒரு பலகைகூட இல்லை. மதுரைப் பக்கத்து அரிட்டாபட்டியில் அந்த மலையில் என்ன இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். அதனால்தான் டங்ஸ்டன் சுரங்க ஏலம் என்றதும் ஊர் திரண்டு நின்றது, 2025 ஜனவரியில் ஏலமும் ரத்தானது. அந்த ஆடு மேய்க்கிறவர் படுக்கிற குன்றுக்கு அப்படி யாரும் இல்லை. நானும் அன்றைக்கு மேடையைச் சரி செய்துவிட்டு, பில்லில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சரி, அந்தக் கேள்வி. வருகிற செவ்வாய் விராலிமலைப் பக்கம் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. பக்கத்திலேயே கொடும்பாளூர். இருக்குவேளிர் வம்சத்துப் பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும் இரண்டு மனைவிகள் பெயரிலுமாக மூன்று கோயில் கட்டி, இரண்டுதான் இப்போது நிற்கிறது, மூன்றாவதற்கு அடிப்பாகம் மட்டும் கிடக்கிறது. பல வருஷமாக நெடுஞ்சாலையில் பஸ் ஜன்னல் வழியாக அந்தப் பெயர்ப் பலகையை மட்டும் பார்த்துக்கொண்டு போகிறேன். முதல் லோடு எட்டரைக்கு மேடை ஏறும். அதற்கு முன், காலை ஏழு மணிக்குப் போனால் அங்கே கேட் திறந்திருக்குமா? உங்கள் வாசகர்கள் யாருக்காவது தெரிந்தால் திங்கட்கிழமைப் பேப்பரில் ஒரு வரி போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
எடைமேடை மெக்கானிக்,
திருச்சி.

(பெயரைப் போட வேண்டாம். எங்கள் முதலாளியும் உங்கள் பேப்பர்தான் வாங்குகிறார்.)